கீழ் இடது ஸ்குரூ

டீ நன்றாக இருக்கிறது, மேடம். காவல் நிலையத்தில் இவ்வளவு திடமாக டீ கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு டீ குடித்தவன் நான். டீயை ஒரு வாய் குடித்தால் போதும், அந்த வீடு எப்படிப்பட்டதென்று சொல்லிவிடுவேன்.

பாரி அட்கின். வயது ஐம்பத்தேழு. ஹாலிஃபாக்ஸிலும் சுற்றியுள்ள மலைச்சரிவு வீடுகளிலும் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர்களைப் பழுது பார்ப்பது தொழில். இதெல்லாம் உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொண்டீர்கள், நன்றி. மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். எதையும் வரிசைப்படி சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

விஷயம், க்ராஷா வீட்டு பாய்லரின் கீழ் இடது ஸ்குரூ.

ஜெஃப்ரி க்ராஷா நாற்பது வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். தராசு கால் அவுன்ஸ் ஏமாற்றினால் கசாப்புக் கடைக்காரரைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தியவர். அவர் ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது. அவருடைய ஆய்வு மட்டும் ஓய்வு பெறவில்லை. புல்வெட்டும் எந்திரத்துக்கு ஒரு ஃபைல், ரொட்டி வாட்டும் எந்திரத்துக்கு ஒரு ஃபைல், பாய்லருக்கு இரண்டு. பதினோரு வருடமாக ஒவ்வொரு ஜனவரியிலும் நான் சர்வீசுக்குப் போய்வந்தேன். நான் வந்த நேரம், போன நேரம், மிதியடியில் காலைத் துடைத்தேனா என்பது வரைக்கும் அதில் ஏறிவிடும். வேலை செய்யும்போது தோளுக்குப் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளிச்சம் எப்போதும் என் கைமேல்தான் விழும், வேலைமேல் விழாது.

அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், ப்ளீச் பாட்டிலுக்குப் பக்கத்தில், விளிம்பு உடைந்த ஒரு கோப்பை இருந்தது. வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய கோப்பை. பதினோரு வருடமும் அதில்தான் எனக்கு டீ. க்ராஷா அதை ஒளிக்கவும் மாட்டார். "அது உன் கோப்பை தம்பி" என்பார், ஏதோ பட்டயம் வழங்குவதுபோல. அவர் தோட்டத்துப் பக்கம் போயிருந்தால் மட்டும் அவர் மனைவி எனிட் அம்மா பூப்போட்ட கோப்பையில் ஊற்றிக் கொடுப்பார். பின்கதவுச் சத்தம் கேட்டதும் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தானே குடிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். எனிட் அம்மா மேல் எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை. இதை அவசியம் பதிவு செய்யுங்கள்.

எனிட் அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. கம்பள ஆலையில் இருபத்து நான்கு வருடம் தறி பழுது பார்த்தவர். ஆலைத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. குளிர்காற்று பட்டால் மூச்சு இரையும், பேசப் பேச இருமல் வரும். வீட்டுக்குள் சூடு பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை க்ராஷா ஃபிரிட்ஜ் கதவில், நான்கு மூலையிலும் காந்தம் வைத்து, கோணாமல் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு வருடமும் அதைப் படித்திருக்கிறேன். அன்றைக்கும் படித்தேன்.

அன்று ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெளியே மைனஸ் ஆறு. மலை ஏறும் பாதை கண்ணாடிபோல் உறைந்திருந்தது.

அந்த வகை பாய்லரில் தீ எரியும் அறைக்கு ஒரு மூடி உண்டு. நான்கு ஸ்குரூ அதை இறுக்கிப் பிடித்திருக்கும். நான்கும் சரியாக இறுகியிருந்தால்தான் எரிந்த புகை குழாய் வழியாக வெளியே போகும். ஒன்று பிடிக்காவிட்டாலும் அதிலுள்ள விஷவாயு வீட்டுக்குள் கசியலாம். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆகவே மூடியைச் சரியாக மூட முடியாத பாய்லரை நிறுத்தி, கேஸை அடைத்து, சிவப்பு லேபிள் ஒட்டிவிட்டு வரவேண்டும். இது விதி. நல்ல விதி.

மூன்று ஸ்குரூ சுலபமாக வந்துவிட்டன. கீழ் இடதுபுறம் இருந்தது வரவில்லை. தலையிலிருந்த சிலுவைப் பள்ளம் தேய்ந்து கிண்ணமாகியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. சிலுவைத் தலை ஸ்குரூவில் இரண்டு ஜாதி உண்டு, மேடம். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றுக்கான ஸ்குரூடிரைவர் மற்றதில் உட்காரும், ஆனால் பிடிக்காது. வழுக்கி வழுக்கிப் பள்ளத்தைத் தின்றுவிடும். சமையலறை இழுப்பறையில் ஒரே ஒரு ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டு உலகத்தையே கழற்றக் கிளம்பும் ஆண்கள் எல்லோரும் இந்த ஊரில் செய்கிற தப்பு அது. நான் செய்கிற தப்பு அல்ல.

"யாரோ இதுல கை வெச்சிருக்காங்க சார்," என்றேன்.

"யாரோன்னா? பதினோரு வருஷமா இதுல கை வெச்ச ஒரே ஆள் நீதான்."

"இது என் ஸ்குரூடிரைவர் போட்ட தடம் இல்ல."

"அப்போ பாய்லரே சொறிஞ்சுக்கிச்சா?" என்றார். அந்த நகைச்சுவையில் அவரே மகிழ்ந்து, மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பாய்லருக்குப் பக்கத்து நாற்காலியில், போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எனிட் அம்மா சிரிக்கவில்லை. "போன ஜனவரி பதினாறு. நீ உள்ள நுழைஞ்சது ஒன்பது ஏழு. வெளிய போனது ஒன்பது நாப்பத்தொண்ணு. அவசரம் தம்பி. உங்க தலைமுறைக்கே உள்ள வியாதி."

"எனக்கு அம்பத்தேழு வயசாகுது சார்."

"அதத்தான் சொல்றேன். இன்னும் கத்துக்கல பாரு."

"ஜெஃப்ரி, விடுங்களேன். அவரு வேலையப் பாக்கட்டும்," என்றார் எனிட் அம்மா.

"வேலையப் பாத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. நான் பதிவேட்டு ஆபீசுக்குக் கடுதாசி எழுதத்தான் போறேன். இவன் பேர எடுக்கச் சொல்லி."

அவர் எழுதுவார். எழுதினால் மூன்று பக்கம் எழுதுவார், இணைப்பு வைப்பார். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் இந்த நாட்டில் கேஸ் குழாயைத் தொடக்கூட முடியாது. நான் செய்யாத தப்புக்கு, அதைச் செய்த ஆள், என் தோளுக்குப் பின்னால் நின்று என் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறார். அவர்தான் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நிமிடம் எனக்குக் கோபம் வந்தது என்று நினைப்பீர்கள். கோபத்தில் கை நடுங்கும். என் கை நடுங்கவில்லை.

எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். அந்த எண்ணெய் சரியில்லை என்றார். பள்ளத்தின்மேல் ரப்பர் பட்டையை வைத்து அழுத்தித் திருப்பிப் பார்த்தேன், சில சமயம் பிடிக்கும். ரப்பர் பட்டை சிறுபிள்ளை வேலை என்றார். ஒவ்வொரு முறை நான் கையை வைக்கும்போதும் காதருகே குனிந்து, "இடப்பக்கம் தம்பி, இடப்பக்கம் திருப்பினாத்தான் கழலும்" என்றார். முப்பத்திரண்டு வருடம் தொழில் செய்தவனிடம். ஏழு தடவை. எண்ணினேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அதற்கு மேலும் எனக்கு இரண்டு வழி இருந்தது. மூன்று ஸ்குரூவையும் பழையபடி இறுக்கிவிட்டு, இன்றைக்கு சர்வீஸ் ஆகாது என்று சொல்லிக் கிளம்பியிருக்கலாம். தலைதான் தேய்ந்திருந்தது, பிடிப்பு அப்படியே இருந்தது. பாய்லர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அல்லது வேனுக்குப் போய், எதிர்ப்பக்கம் சுழலும் துளையாணியைக் கொண்டுவந்திருக்கலாம். அதைப் போட்டு மெதுவாகத் துளைத்தால் முரண்டு பிடிக்கும் ஸ்குரூ தானாகவே சுழன்று கையோடு வந்துவிடும். பத்து நிமிட வேலை. அதே அளவில் புது ஸ்குரூ வேனில் ஒரு தகர டப்பா நிறைய இருக்கிறது.

"சார், போன வருஷ ரிப்போர்ட் உங்ககிட்ட இருக்கா? கொஞ்சம் கொண்டாங்களேன்," என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. பதினோரு வருடத்தில் அவருடைய ஃபைலை யாரும் கேட்டதில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

பூட்டுக் குறடால் ஸ்குரூவின் தலையைக் கவ்வினேன். இடப்பக்கம் திருப்பினால் கழலும். நான் வலப்பக்கம் திருப்பினேன்.

"கண்ணு," என்றார் எனிட் அம்மா. "நீ எதிர்ப்பக்கம் திருப்புறியோ?"

இருபத்து நான்கு வருடம் தறி கழற்றிய கை. பார்த்தால் தெரியாதா.

"சில ஸ்குரூவுக்கு முதல்ல இப்படி ஒரு ஆட்டு ஆட்டணும்மா."

"அப்படியா. நமக்கு எங்க தெரியுது, தறிதான் தெரியும்," என்று சொல்லி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஒரு சின்னச் சத்தம். பிஸ்கட் உடைவதுபோல. தலை என் கையில் வந்துவிட்டது, உடல் உள்ளேயே நின்றுவிட்டது. முறிவு மழமழவென்று சுத்தமாக இருந்தது.

க்ராஷா ஃபைலோடு வந்தபோது, "ஒடஞ்சிருச்சு சார். ஏற்கெனவே கெட்டுப்போன ஸ்குரூ" என்றேன். இனி மூடி பிடிக்காது, பாய்லரை நிறுத்தியே ஆகவேண்டும் என்று சொல்லி, படிவத்தை எடுத்து நீட்டினேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படிவத்தைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓரிடத்தில் நான் விட்டிருந்த முற்றுப்புள்ளியைத் தன் பேனாவால் வைத்தார். "முறைப்படி இருக்கு," என்று கையெழுத்துப் போட்டார்.

"இன்னிக்கே ஏதாச்சும் பண்ண முடியாதா கண்ணு?" என்று எனிட் அம்மா கேட்டார்.

"பார்ட்ஸ் வரணும்மா. செவ்வாய்க்கிழமை ஆயிடும்."

சிவப்பு லேபிளை ஒட்டினேன். குமிழி இல்லாமல், நேராக.

வேனில் இரண்டு மின்சார ஹீட்டர் இருந்தன. வயதானவர்கள் வீட்டில் பாய்லரை நிறுத்த நேர்ந்தால் அவற்றை விட்டுவிட்டு வருவது என் வழக்கம், யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். அன்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பேன்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் என் வேன் தெருமுனை திரும்புவதற்குள் லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, பாய்லரை ஓடவிட்டிருப்பார்கள். தப்புத்தான், ஆனால் எல்லோரும் செய்வார்கள். க்ராஷா செய்யமாட்டார். நாற்பது வருடம் அடுத்தவர் கடையில் லேபிள் ஒட்டியவர், தன் வீட்டில் ஒட்டிய லேபிளைத் தொடமாட்டார். அது எனக்குத் தெரியும். வீட்டிலேயே ஒரு பழைய ஹீட்டர் இருந்தது. அதன்மேலும் ஒரு லேபிள், 'சோதிக்கப்படவில்லை, பயன்படுத்தாதீர்' என்று அவர் கையாலேயே எழுதி ஒட்டியது. சனிக்கிழமை அதைப் பரணிலிருந்து இறக்கி, லேபிளைப் படித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் மேலேயே வைத்தாராம். மரண விசாரணையில் அவரே சொன்னார். ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, பிறகு இருமல்போல் மழுப்பினார்கள்.

வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டார். பனி கொட்டிய வாரக் கடைசி, ஒருவர் திங்கள் என்றார். இன்னொருவர், "பாரி அட்கின் லேபிள் போட்டிருக்கான்னா காரணம் இல்லாம இருக்காது, அவனையே கூப்பிடுங்க" என்றாராம். மறைப்பானேன், அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

என்னையும் கூப்பிட்டார். பதினான்கு தடவை. போனை மதியச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன், அது மேசையில் தானாக நகர்ந்து நகர்ந்து உப்புக் குப்பியில் போய் முட்டியது. குரல் பதிவுகளைக் கேட்டேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். முதலாவது அவர் பாணியிலேயே இருந்தது. "சனிக்கிழமை, காலை ஒன்பது பன்னிரண்டு. க்ராஷா பேசறேன். உள்ள வெப்பம் பதினொரு டிகிரி. நடவடிக்கை எடுக்கவும்." ஐந்தாவதில் நேரம் சொல்லவில்லை. கடைசியானது ஞாயிறு மதியம் வந்தது. "பாரி," என்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என் பெயர். "பாரி, அவ உதடு நீலமா இருக்குப்பா. நான் என்ன செய்யட்டும்? லேபிளக் கிழிச்சிரட்டுமா? நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அவர் என்னிடம் அனுமதி கேட்டார், மேடம். அந்த மனிதர். என்னிடம்.

இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வேலை செய்வதில்லை. வேனின் கதவிலேயே எழுதியிருக்கிறது.

ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார். உறைந்த பாதையில் அவர்களால் வண்டியைக் கொண்டுபோக முடியவில்லை, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறினார்கள். எனிட் அம்மா செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் இறந்தார். அன்று சொன்னபடி நான் க்ராஷா வீட்டுக்குப் போனேன். துளையாணியைப் போட்டேன். ஸ்குரூவின் உடல் எட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. புது ஸ்குரூ போட்டு பாய்லரை ஓடவிட்டேன். க்ராஷா சமையலறையிலேயே நின்றிருந்தார். டார்ச் பிடிக்கவில்லை. எத்தனை மணிக்கு வந்தேன் என்று எழுதவும் இல்லை. அவருக்கு முன்னால், காலியான ஒரு வீட்டைச் சூடாக்கிவிட்டு வந்தேன்.

மரண விசாரணை மார்ச்சில் நடந்தது. என்னிடம் நான்கு கேள்வி கேட்டார்கள், நான்குக்கும் விதியைச் சொன்னேன். பிறகு க்ராஷா எழுந்தார். கோட்டு தோளிலிருந்து தொங்கியது, உள்ளே ஆளைக் காணோம்.

"நவம்பர்ல நான்தான் அந்த ஸ்குரூவத் திருப்பிப் பாத்தேன்," என்றார். "சர்வீஸ் ஒழுங்கா பண்றானான்னு உள்ள பாக்கணும்னு. தப்பான ஸ்குரூடிரைவர். தல தேஞ்சு போச்சு. ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு, அவன் மேல போட்டுட்டேன். அவன் என்ன செய்வான்? நான் கெடுத்தத அவனால கழட்ட முடியல. என் எனிட நான்தான் கொன்னேன்."

பெண்கள் அழுதார்கள். விசாரணை அதிகாரி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் க்ராஷா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரு பாரி" என்றார். மன்னித்தேன். மனசார.

நான் விரும்பியதெல்லாம் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். சொல்கிறேன். தீர்ப்பு வந்த அடுத்த நாள் நான் வழக்கமாகப் போகும் பப்பில் டெஸ்மண்ட் இருந்தான். அவனும் பாய்லர்க்காரன்தான், அரைகுறை.

"என்னடா பாரி, ஒரு ஸ்குரூ உன்னக் குப்புறத் தள்ளிருச்சாமே. பேப்பர்லயே போட்டிருக்கான்," என்றான். கையில் பேப்பர்.

"அடுத்த தடவ என்னக் கூப்பிடு. எங்கம்மாவ அனுப்பறேன், கொண்ட ஊசியாலயே கழட்டிருவா."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் உள்ளே நுழைந்தாலே யாராவது ஒருவர் தம் நாற்காலி ஸ்குரூவைத் தட்டிக் காட்டி, "பாரி, இது முடியுமா பாரு" என்பதே வாடிக்கையாகிவிட்டது. வேலைக்குப் போகும் வீடுகளிலும் கேட்கிறார்கள், பரிதாபமாக. "அந்த ஸ்குரூ ரொம்பக் கஷ்டமோ?"

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். இதுதான் அந்தத் தீர்ப்பின் நகல், இரண்டாம் பக்கம், அடிக்கோடு நான் போட்டது. 'அனுபவமிக்க பணியாளர் இயன்ற வழிகள் அனைத்தையும் கையாண்டும், சிதைந்த ஸ்குரூவைக் கழற்ற இயலவில்லை.' அரசாங்க முத்திரையோடு இருக்கிறது. நான் செத்த பிறகும் இருக்கும்.

ஆகவே மனசாட்சி என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில்: வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையிலிருந்த நான்கு இரவும் நான் நன்றாகத் தூங்கினேன். அந்த ஸ்குரூவை வேண்டுமென்றே முறித்தவன் நான். அந்த அம்மா குளிரில் உட்காரவேண்டும் என்று தெரிந்தே முறித்தேன். க்ராஷா லேபிளைத் தொடமாட்டார் என்று தெரிந்தே ஒட்டினேன். போன் அடித்தபோது வீட்டில் சும்மாதான் இருந்தேன். இதற்கு என்ன பெயர் என்பதை நீங்களும் வக்கீலும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், எந்தப் பெயர் வைத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு திருத்தம்தான் வேண்டும். 'கழற்ற இயலவில்லை' என்று இருக்கும் இடத்தை அடித்துவிட்டு, 'கழற்றவில்லை' என்று போடுங்கள்.